தங்கச்சி வீட்டுக்கு நான் வந்து சேரும் விவரம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் திடமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போனை எடுப்பாய். ஆகையால் இங்கே நான் இருக்கிறேன் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். நீ ஸ்பீக்கரில் போடுவாய், மாப்பிள்ளை நடுவில் புகுந்து "எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?" என்பார், நான் சொல்ல வந்தது அத்தோடு போய்விடும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். "தனியா கிடந்து என்ன பண்றே, எங்களோட வந்து இருண்ணா" என்று போன மாதம் எழுதியிருந்தாயே, அதற்கு எனக்குச் சம்மதம். பத்து வருஷமாக நீ கேட்டும் மறுத்தவன் இப்போது ஏன் சரி என்கிறான் என்று நீ யோசிப்பாய். யோசிக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் துண்டு வரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படி.

எங்கள் கட்டடம் உனக்குத் தெரியும். கீழ்த்தளமும் மூன்று மாடியும், மொத்தம் பன்னிரண்டு வீடு, லிஃப்ட் கிடையாது. கட்டும்போது லிஃப்டுக்கு இடம் விடலாமா என்று கேட்டார்கள். அப்போது நாங்கள் எல்லாரும் நாற்பதைத் தொட்டும் தொடாத காளைகள். "படி ஏறினால் உடம்புக்கு நல்லது" என்று கூட்டத்தில் எழுந்து பேசியவன் நான். இப்போது மூன்றாம் மாடிக்காரர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சைத்தான் நினைக்கிறார்கள், முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் படித்தார்கள், வேலை கிடைத்தது, ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மிச்சம் பதினைந்து பேர். எல்லாருக்கும் கண்ணாடி, எல்லாருக்கும் முழங்கால் வலி, எல்லாருக்கும் ஒரே மாத்திரை வேறு வேறு நிறத்தில். இந்தப் பதினைந்து பேரில் வயதில் இளையவர் முதல் மாடியில் இருக்கும் பம்ப் மெக்கானிக். அவருக்கு அறுபத்து மூன்று. அவர் பெயரே எல்லாருக்கும் மறந்துபோய் 'சின்னவர்' என்றே நிலைத்துவிட்டது. பல்பு போனால் சின்னவர், தொட்டி நிரம்பி வழிந்தால் சின்னவர், சிலிண்டர் மாற்றச் சின்னவர், ஜாடி மூடி திறக்க வரவில்லை என்றாலும் சின்னவர். "இள ரத்தம், ஓடட்டும்" என்பார் எங்கள் சங்கத் தலைவர். தலைவர் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பத்தொன்று நடக்கிறது, இன்னும் எதையும் எழுத்து மூலமாகக் கொடுத்தால்தான் நம்புவார்.

அந்த இள ரத்தம் இரண்டு மாதத்துக்கு முன் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் பல்பு மாட்ட ஸ்டூல் மேல் ஏறி, ஸ்டூலோடு கீழே வந்தது. வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. நானும் அவரும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள், அதில் நோயாளியுடன் இருப்பவர் அறுபது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. எங்கள் கட்டடத்தையே தலைகீழாகத் திருப்பி உதறினாலும் அப்படி ஒரு ஆள் விழ மாட்டான். சரி, ஒரு நாளைக்குத்தானே என்று எனக்கு ஐம்பத்தெட்டு என்று சொன்னேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிறந்த வருஷம் சொல்லுங்க தாத்தா" என்றாள். மனக்கணக்கில் தடுமாறி முப்பத்தெட்டு வயது வருகிற வருஷத்தைச் சொல்லிவிட்டேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள், அதுதான் எனக்கு ரொம்ப அவமானம். அது போகட்டும். சின்னவர் கழிவறைக்குப் போன நேரத்தில், கால் கடுக்கிறதே என்று அவர் கட்டிலில் ஐந்து நிமிஷம் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் தலைக்கு மேலே விளக்குகள் ஓடுகின்றன. நான்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன், கட்டிலோடு. "நான் அவர் இல்லப்பா" என்று சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, பயப்படாதீங்க" என்று தள்ளுகிறவர் தட்டிக்கொடுத்தார். என் கைக்கு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எலும்பு அருமையா இருக்கு, வயசுக்கேத்த தேய்மானம்தான், வீட்டுக்குப் போகலாம்" என்றார். அந்தச் சீட்டைச் சின்னவர் கையில் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். அவர் மணிக்கட்டு அப்போது மாம்பழம் கணக்காய் இருந்தது. விளக்கிச் சொல்லி மாவுக்கட்டுப் போட்டுத் திரும்புவதற்குள் சாயங்காலம்.

சின்னவருக்குக் கட்டுப் போட்டதும்தான் கட்டடமே அந்த ஒற்றைக் கையில் நின்றது எங்களுக்குத் தெரிந்தது. தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். இப்படி நமக்குள் யாராவது ஆளில்லாத நேரத்தில் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று பேச்சு வந்தது. பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். தினமும் காலை ஆறரைக்கு முதல் வீட்டுக்காரர் இரண்டாம் வீட்டுக்குப் போன் செய்வது, இரண்டு மூன்றுக்கு, மூன்று நான்குக்கு, இப்படியே கடைசி வீடு வரை. போன் எடுக்காவிட்டால் உடனே தலைவருக்குத் தகவல். ஒன்பது நாள் அழகாக நடந்தது. பத்தாம் நாள் முதல் மாடியில் இருக்கும் டைப்பிஸ்டம்மாவின் போன் முக்கால் மணி நேரம் கிடைக்கவே இல்லை. கதவைத் தட்டினோம், பதில் இல்லை. ஏற்கனவே சர்க்கரை உள்ள உடம்பு. தலைவர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் மணி அடித்துக்கொண்டு வந்து கடப்பாரையால் கதவை நெம்பி, கதவு உள்ளே விழுந்தால், டைப்பிஸ்டம்மா பின்பக்க பால்கனியிலிருந்து போனும் கையுமாக வருகிறார். "இங்க ஏதோ சத்தம் கேக்குதுடி, யாரோ போயிட்டாங்க போலிருக்கு, பாவம், அப்புறம் பேசறேன்" என்று மகளிடம் சொல்லி போனை வைத்தார். தீயணைப்பு அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "ஐயா, போன் எங்கேஜ்டா இருந்தா ஆள் உயிரோட பேசிட்டு இருக்காங்கன்னுதானே அர்த்தம்?" என்றார். பதினான்கு பேர் இருந்தோம், அது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. டைப்பிஸ்டம்மா புதுக் கதவு வரும்வரை ஒரு வாரம் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார், எங்கள் யாரோடும் பேசவில்லை.

இதனால் தலைவர் ஒரு விதி கொண்டுவந்தார். இனிமேல் யார் கதவையும் உடைப்பதற்கு முன் செயற்குழுவில் மூன்று பேர் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நானும் கை தூக்கினேன். கை தூக்கும்போது நன்றாகத்தான் தோன்றியது.

கூடவே இன்னொரு முடிவும் எடுத்தோம். என் வீட்டுக்கு எதிரே கீழ்த்தளத்தில் ஒரு வீடு ரொம்ப நாளாகக் காலி. அதற்கு இளவயதுக்காரர்களாகப் பார்த்துக் குடிவைப்பது, அவசரத்துக்கு அவர்கள் ஓடி வருவார்கள். விளம்பரம் பார்த்துவிட்டு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவனுக்கு நாற்பத்திரண்டு, அவளுக்கு நாற்பது. எங்களுக்கு வாயெல்லாம் பல், சொந்தப் பல் உள்ளவர்களுக்கு. தலைவர் கண்பார்வை எப்படி, ஸ்டூல் ஏறுவீர்களா என்றெல்லாம் கேட்டார். அவர்கள் பதிலுக்கு, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், குளியலறைத் தரை வழுக்குமா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று கேட்டார்கள். இந்த வயதிலேயே எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று டைப்பிஸ்டம்மா மெச்சிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாமான் வந்தது. வேனிலிருந்து கட்டில் இறங்கியது, பீரோ இறங்கியது, பிறகு அவன் அப்பா இறங்கினார், அம்மா இறங்கினார், அதன்பின் அவள் அப்பா, அவள் அம்மா. நான்கு பேருக்கு நான்கு கைத்தடி, இல்லை, மூன்று. அவள் அம்மாவுக்குத் தடி கிடையாது, அதைப் பிறகு சொல்கிறேன். வந்த பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு வெளிநாடு போறோம் ஐயா. இவங்களை எங்க விடறதுன்னு தூக்கமே இல்லாம இருந்தோம். இங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் அப்படிப் பார்த்துக்கறீங்கன்னு கேள்விப்பட்டோம். ஒரு தடவை போன் எடுக்கலைன்னாலே கதவை உடைச்சுப் பார்ப்பீங்களாமே!" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பதினைந்து பேராக இருந்த நாங்கள் பத்தொன்பது ஆனோம். சராசரி வயது போட்டுப் பார்க்கலாம் என்று தலைவர் சொன்னார், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

இனி என் கதை. அது நடந்து இருபது நாள் ஆகிறது. காலையில் ஆறேகாலுக்குக் குளித்துவிட்டு வெளியே கால் வைத்தேன், தரையில் சோப்புத் தண்ணீர். அடுத்து எனக்குத் தெரிந்தது மேலே கூரை. மூச்சு இழுத்தால் விலாவில் கத்தி மாதிரி குத்துது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியல. இடுப்புல ஒரு துண்டு, அதுவும் தன் இஷ்டத்துக்கு. வாசக்கதவு உள்ளே கொக்கி போட்டிருக்கு. இருபத்தொன்பது வருஷம் பஸ் டிப்போவுல நேரம் குறிச்சவன், எனக்குக் கடிகாரம் வேண்டியதில்லை, தெருச்சத்தம் போதும். ஆறு இருபது வண்டி போச்சு. ஆறரைக்கு மேல போன் அடிச்சுது, பத்துப் பன்னிரண்டு தடவை அடிச்சு நின்னுது. கியர் மாத்தும்போது இருமற ஆறு நாப்பது வண்டியும் போச்சு. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, பயமாத்தான் இருந்தது. உங்க அண்ணி போனப்பகூட இந்த வீடு இவ்வளவு பெரிசா எனக்குத் தெரியல. குளியலறையில இருந்து வாசக்கதவு பதினோரு அடிதான். அந்தப் பதினோரு அடியை அன்னைக்கு நான் தாண்டவே முடியல.

ஏழு மணிக்கு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. அப்பாடா, வந்துட்டாங்கடா என்று நினைத்தேன். தலைவர் குரல், "விதிப்படி மூணு கையெழுத்து வேணும்." சின்னவர் இடது கையால் போட்டார். அது அவர் கையெழுத்து மாதிரி இல்லை என்று தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை, அதற்குக் கால் மணி நேரம். இன்னொரு உறுப்பினர் மூன்றாம் மாடி, அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து சேர்ந்த பிறகு கண்ணாடி மேலேயே இருப்பது தெரிந்தது. ஏழு நாற்பது வண்டி போனது. நான் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, "ஐயோ, நான் உயிரோடதான் இருக்கேன்! கடவுளே, விலா!" என்று கத்தினேன். தலைவர் காது மெஷினைக் கூட்டத்துக்கு மட்டும்தான் போடுவார், பேட்டரி வீணாகும் என்று. "உள்ள டி.வி. ஓடுது" என்றார். "டி.வி. பார்க்கிறார்னா நல்லாத்தானே இருக்கார்" என்று யாரோ சொன்னார்கள். கலையத் தொடங்கிவிட்டார்கள்! செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாகப் படியில் ஏறிப் போவதை நான் தரையில் கிடந்து எண்ணினேன்.

அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல். "டி.வி.யில யாரும் கடவுளே விலான்னு கத்த மாட்டாங்க. தள்ளுங்க." அதுதான் அந்தத் தடி இல்லாத அம்மா. அறுபத்தொன்பது வயது, பெண்கள் சிறையில் முப்பத்திரண்டு வருஷம் வார்டனாக இருந்தவர். தலைவர், "அம்மா, இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி" என்றார். "அந்த நோட்டைக் குடுங்க" என்று வாங்கி, அதற்குள் கோடு போட வைத்திருந்த ஸ்டீல் ஸ்கேலை உருவிக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாராம். கதவிடுக்கில் ஸ்கேலை விட்டார், ஒரு சுண்டு சுண்டினார், கொக்கி விழுந்தது. "உள்ள இருக்கிறவங்க எப்படியெல்லாம் திறக்கப் பார்ப்பாங்கன்னு முப்பத்திரண்டு வருஷம் பார்த்தவ நான்" என்றபடி உள்ளே வந்தார். என்னையும் துண்டையும் ஒரு பார்வை பார்த்தார். திரும்பி வாசலைப் பார்த்து, "எல்லாரும் சுவத்தைப் பாருங்க!" என்று ஒரு அதட்டல். ரிடையரான அத்தனை பேரும், தலைவர் உள்பட, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அதன்பின் போர்வையை என்மேல் போட்டுவிட்டு, "அசையாதீங்க. காலை மட்டும் ஆட்டிக் காட்டுங்க. சரி. நீங்க பிறந்த வருஷம் என்ன?" என்றார். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன்.

விலாவில் இரண்டு எலும்பில் கீறல். தானாகக் கூடிவிடும், கனமாக எதையும் தூக்கக் கூடாது, தனியாக மட்டும் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மறுநாளே வார்டனம்மா போன் ஏற்பாட்டை ஒழித்துவிட்டார். இப்போதெல்லாம் காலை ஏழுக்கு எல்லாரும் வாசல்கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்கு வர வேண்டும், வீட்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆஜர் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடிக்காரர்கள் கம்பியைப் பிடித்துக் குனிந்து சொன்னால் போதும். இது விதியில் இல்லை என்று தலைவர் முதல் நாள் ஆட்சேபித்தார். "எண் ரெண்டு!" என்றார் அந்த அம்மா. "ஆஜர்" என்று தலைவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. யாரும் உள்ளே கொக்கி போடுவதில்லை. டைப்பிஸ்டம்மா மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார், சின்னவர் சாயங்காலம் வந்து உட்கார்ந்து ஒற்றைக் கையால் என்னோடு சீட்டாடுகிறார். ஒரு குறையும் சொல்ல முடியாது.

இருந்தாலும் யோசித்துப் பார்த்தேன். நான் ஒருத்தன் விழுந்தால் பதினெட்டுக் கிழங்கள் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கிறது, தூக்கும்போது அதில் இரண்டு விழும். அவர்களுக்கு நான் எதற்குப் பாரமாக இருக்க வேண்டும்? கூடப்பிறந்தவள் நீ இருக்கிறாய், மாப்பிள்ளை இருக்கிறார், கூப்பிடு தூரத்தில் உன் மகன் இருக்கிறான். ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. குளியலறைக்குப் பக்கத்து அறை கிடைத்தால் போதும். ராத்திரி நான் இருமுவேன், அதை மாப்பிள்ளை பொறுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாளைக்கு ஒரு குடம் தண்ணீர்கூட என்னால் தூக்க முடியாது, உங்கள் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இந்த வயதில் உனக்கு இப்படி ஒரு வேலை வைக்கிறேனே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். உங்கள் இரண்டு பேருக்கும் கால் தரிக்கிற தரையும், தூங்கி எழுகிற ராத்திரியும், சண்டை போடுவதற்காவது எதிரே ஒரு ஆளும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. உறையை ஒட்டப் போகும்போது உன் மகன் போன் செய்தான். "நீங்க வர்றதா அம்மா சொல்லிட்டே இருக்காங்க மாமா, எப்ப வர்றீங்க?" என்றான். வெள்ளிக்கிழமை என்றேன். "அப்பாடா! இப்பதான் எனக்கு உயிர் வந்தது. எனக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. அப்பாவால ரெண்டு மாசமா தனியா எழுந்திரிக்கவே முடியல, தூக்கித்தான் உட்கார வைக்கணும். அம்மாவுக்கு ஒரு கண்ணு சுத்தமா தெரியல, அடுப்பைப் பத்த வெச்சுட்டு மறந்துடறாங்க. ஆளே கிடைக்காம தவிச்சுட்டிருந்தோம். அண்ணனுக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கு, அவன் வந்தா எல்லாம் பார்த்துப்பான்னு அம்மாதான் சொன்னாங்க" என்றான். என் விலா விஷயம் அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்துக்குப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த ஆளே நான்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு கண் போனதை எனக்கு ஏன் எழுதவில்லை? அடுப்பு விஷயத்தை ஏன் எழுதவில்லை? நேரில் வா, கேட்டுக்கொள்கிறேன்.

ஆம், நேரில் நீங்கள்தான் வரப்போகிறீர்கள். பெட்டியைப் பிரித்துவிட்டேன். என்னிடம் ஒரு அறை சும்மா கிடக்கிறது, கீழ்த்தளம், படியே கிடையாது. வார்டனம்மாவிடம் சொன்னேன். மாப்பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்க நான்கு பேர் முறை வைத்துக்கொள்ளலாம் என்று பேப்பரில் எழுதியே கொடுத்துவிட்டார், சின்னவருக்கும் அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பகலில் உங்களை ஏற்றிக்கொண்டு வர உன் மகனிடம் வண்டி வைக்கச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வர மாட்டேன் என்று முறுக்கினால் கெஞ்சிக்கொண்டு நிற்காதே, நீ மட்டும் ஏறி உட்கார். தன் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, வண்டி தெருமுனை திரும்புவதற்குள் கூப்பிட்டுவிடுவார்.